எட்டு ஓம் என்று எழுதியிருக்கிறது

எட்டு ஓமாம். ட்வீட்டர் ஸ்பீக்கரின் முதுகில் வெள்ளை எழுத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து மின்தடையைப் பார்த்தால் ஆறு காட்டுகிறது. சரி, அந்த ஆறுகூட ஆறாகவே இருக்குமா என்றால் அதுவும் கிடையாது. உள்ளே போகிற சத்தத்துக்குத் தக்கபடி ஆளே மாறும். ஓரிடத்தில் இருபதைத் தாண்டிக் குதிக்கும், பிறகு ஒன்றுமே செய்யாத பிள்ளை மாதிரி கீழே வந்து உட்காரும், மறுபடி மெல்ல ஏறும். இதை நம்பி நான் கணக்குப் போட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாகப் பாலிடெக்னிக்கில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஸ்பீக்கர்னா எட்டு ஓம் போட்டுக்கோங்க பிள்ளைகளா என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். பிள்ளைகளும் போட்டார்கள், விடையும் வந்தது, நானும் மார்க் போட்டேன். ஒருத்தியாவது எழுந்து, மேம், நெஜத்துல எட்டு இருக்குமா என்று கேட்டாளா? கேட்டிருந்தால் உட்காரு என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர், பெரியது வூஃபர், கனத்த சத்தம் அதற்கு. சின்னது ட்வீட்டர், கூரான சத்தம் அதற்கு. வருகிற சத்தத்தை இரண்டாகப் பிரித்து, நீ இங்கே போ, நீ அங்கே போ என்று அனுப்புவதுதான் கிராஸ்ஓவர். கல்யாணப் பந்தியில் சைவம் இந்தப் பக்கம், அசைவம் அந்தப் பக்கம் என்று வாசலில் நின்று கைகாட்டுகிறவன் வேலை. வூஃபருக்கு முன்னால் காயில் என்கிற ஒரு கம்பிச்சுருள், ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கண்டன்சர், முடிந்தது. இதைவிடச் சின்ன சர்க்யூட் எலக்ட்ரானிக்ஸிலேயே இல்லை. அது என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறது.

பிளாஸ்டிக் பைப் துண்டில் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி விரலெல்லாம் கோடு விழுந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்க வேண்டியது. சாப்பாட்டு மேஜை முழுக்க ஈயமும் கம்பித் துணுக்கும், தட்டு வைக்க இடமில்லாமல் இவர் மடியில் வைத்துக்கொண்டுதான் காலையில் இட்லி சாப்பிட்டார். நான் வைத்துக் கேட்பது ஒரே ஒரு செய்திதான், போனில் பதிவு செய்து வைத்த பழைய செய்தி. பாட்டு வைத்தால் மயக்கிவிடும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும். பேச்சு பொய் சொல்லாது. ஒரு பெண் வாசிக்கிறாள். அவள் வாயைத் திறந்ததும் செய்திகள் என்று விழ வேண்டும். எய்திகள் என்றுதான் விழுகிறது. முதலில் ரெண்டரை மைக்ரோ கண்டன்சர் போட்டேன், எய்திகள். நாலே முக்கால் போட்டேன், அதுதான் எட்டு ஓமுக்குக் கணக்கில் வருவது, அப்போதும் எய்திகள். ட்வீட்டர் ரொம்பக் கத்தக்கூடாது என்று முன்னால் ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தேன், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கண்டன்சரையும் இன்னும் பெரிதாக்கினேன். கொஞ்சம் வெளிச்சம் வந்தது போலிருந்தது, ஆனாலும் எய்திகள்தான், அந்த முதல் எழுத்தை யாரோ நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு மீதியை என்னிடம் அனுப்புகிறார்கள். இவரைக் கூப்பிட்டேன். வந்து நின்றார், பனியனோடு, பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. “எப்படி இருக்கு?” தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு.”

அந்தத் தான். நல்லா இருக்கு என்று சொல்லியிருந்தால் போய்த் தொலையட்டும் என்று மூடியைத் திருகி முடித்திருப்பேன். நல்லா இல்லை என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்த நல்லாத்தான் இருக்கு இருக்கிறதே, இது பெண் பார்த்துவிட்டு வந்து சொல்கிற வார்த்தை. அத்தை மகளின் புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்கிற வார்த்தை. உப்பு கூடிப்போன ரசத்துக்கும் இவர் இதைத்தான் சொல்வார். முப்பது வருஷமாக இவர் தானுக்கு அர்த்தம் கண்டுபிடித்தே என் தலை நரைத்தது. “தான்னா என்ன? தெளிவா இல்லையா?” “தெளிவா இருக்கே, அதுக்கென்ன. ரொம்பத் தெளிவா இருக்கு.” சொல்லிவிட்டுக் காதை லேசாகத் தேய்த்தார். எதற்குத் தேய்த்தார்? அரிப்பாக இருக்கும். “ரொம்பன்னா?” “ஏ செண்பகம், நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதேன்லா, என்னைய விடேன்.” போய்விட்டார். ரொம்பத் தெளிவாம். முதல் எழுத்தே இல்லாத செய்தி இவருக்கு ரொம்பத் தெளிவு. இவர் காதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பத்திரப்பதிவு ஆபீசில் முத்திரை குத்திக் குத்தி மரத்துப்போன காது.

எல்லாம் அந்த டிவியால் வந்தது. அப்பளம் போல ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள், அதற்குள் ஸ்பீக்கர் என்று என்னத்தை வைத்திருக்கிறானோ, யார் பேசினாலும் வாய்க்குள் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் இவர் குறைக்கச் சொல்வார். குறைத்தால் எனக்கு விளங்காது. ஒரு நாள், எதுக்கு இப்படி அலறவிடுற, உனக்கென்ன காதா கேக்கலை என்றார் சும்மா விளையாட்டுக்கு. விளையாட்டுக்குத்தான். உடனே சொன்னேன், டிவி ஸ்பீக்கர் சரியில்லீங்க, நானே நல்லதா ஒண்ணு செஞ்சு மாட்டுறேன், நான் படிச்ச படிப்பு எதுக்கு என்று. தச்சர் முருகையாவிடம் சொல்லிப் பழைய பீரோ பலகையில் பெட்டி அடித்தாயிற்று, தூத்துக்குடிக்குப் போய் ஸ்பீக்கர் வாங்கியாயிற்று. அன்று நான் அதைச் சொல்லும்போது இருந்த தைரியத்தை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது. ஏனென்றால் டிவியைக் குற்றம் சொல்லலாம். தீக்குச்சியை உரசினால் முன்பெல்லாம் சர்ரென்று ஒரு சத்தம் வருமே, இப்போது வெறுமனே பற்றிக்கொள்கிறது, அதற்கு மழையைக் குற்றம் சொல்லலாம், குச்சி நமத்துவிட்டது என்று. தீப்பெட்டி செய்கிற ஊரிலேயே பிறந்துவிட்டு அதைச் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை என்று பிள்ளைகளையும் சொல்லலாம். ஆனால் இந்தப் பெட்டி நானே கணக்குப் போட்டு, நானே கம்பி சுற்றி, நானே ஈயம் வைத்த பெட்டி. இதுவும் எய்திகள் என்று சொன்னால் அப்புறம் யாரைச் சொல்வது? இதற்கு மேல் ஆள் இல்லை. நான்தான் பாக்கி.

இல்லை, ஆறு ஓம். ஆறு ஓமுக்குக் கணக்குப் போடவில்லை நான், அதுதான் சங்கதி. எட்டுக்குப் போட்டேன், அங்கே இருப்பது ஆறு, அப்படியானால் பிரிகிற இடமே தள்ளிப்போய்விடும், மேலே போய்விடும், நடுவில் ஒரு பள்ளம் விழும், பள்ளத்துக்குள் அந்தச் ச விழுந்துவிட்டது. வூஃபரும் அப்படித்தான், ஏற ஏற அதன் ஓமும் ஏறுகிறது, காயில் போட்ட வேலியைத் தாண்டி வந்து ட்வீட்டர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பேசினால் ஒன்றும் விளங்காது இல்லையா, அதுதான். சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் மாற்றிப் போட்டால் சரியாகும். மாற்றிப் போட்டேன். எய்திகள். பழையபடி மாற்றினேன். சால்டரிங் அயர்ன் முனை ஆள்காட்டி விரலில் பட்டுவிட்டது, சுள்ளென்றது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஐம்பத்து நாலு வயதுப் பெண், விரல் சப்பிக்கொண்டு. அப்போதுதான் அகல்யா நினைப்பு வந்தது. வரக்கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி விட்ட நினைப்பு. அவள் மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை. வகுப்பில் தலையைக் குனிந்து படுத்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். மேம், வலி மேம் என்றாள். எங்கம்மா வலிக்குது என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் சொன்னது சளி. மூக்கைச் சிந்திக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினாள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன், நான் கேலிக்குக் கேட்டதாக ஆகட்டும் என்று. அந்தச் சிரிப்பைச் சிரிக்க எத்தனை கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சளி, வலி, களி, பழி, எல்லாம் எனக்கு ஒரே மாதிரி வந்து விழுந்தால் நான் எப்படி வகுப்பெடுப்பேன்? நாளைக்கு வைவா. வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் பயத்தில் தொண்டைக்குள்ளேயே பதில் சொல்லும். ஒரு பிள்ளை சரியாகச் சொன்னதை நான் தப்பாகக் கேட்டு ஃபெயில் என்று போட்டுவிட்டால்?

எங்கள் பக்கம் காது போனால் பேரும் போய்விடும், அதுதான் பயம். அம்மாவின் அண்ணன் ஒருவர் இருந்தார், செவிட்டு மாமா. கல்யாணப் பத்திரிகையில் அவர் பேர் போடும்போதுதான் அவருக்கு ஆவுடையப்பன் என்று ஒரு பேர் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், எதற்கு என்று தெரியாமல். நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் செவிட்டு மேம் என்பார்கள். செவிடன் காதில் ஊதின சங்கு என்று பெஞ்சில் எழுதி வைப்பார்கள், கீழே படமும் போடுவார்கள், பிள்ளைகளுக்குப் படம் போடச் சொல்லித் தரவா வேண்டும். போகிறதுதான் போகிறது, ஏன் அந்த ஓர் எழுத்தைப் பார்த்துப் போகிறது? ஸ வேண்டாம், ஷ வேண்டாம், ஹ கூட வேண்டாம், தனித்தமிழ் பேசிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ச இல்லாமல் எப்படி? சாம்பார் வைக்க முடியுமா? சாமி கும்பிட முடியுமா? சண்டை போட முடியுமா? என் பேரே செண்பகவல்லி, அதுவே எண்பகவல்லியாகப் போய்விடும். சீ, என்ன யோசனை இது. காது நன்றாகத்தான் இருக்கிறது. பார், நானும் தான் போடுகிறேன்.

இவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஏதோ கேட்டார். பையைத் தூக்கிக் காட்டினார், அதனால் மார்க்கெட் என்று தெரிந்தது. கீரையா கீரியா பூரியா, எதுவோ ஒன்று. “சரி, வாங்கிட்டு வாங்க,” என்றேன். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்கிற வழக்கம் எப்போதிலிருந்து வந்தது எனக்கு? கதவு சாத்தினதும் வீடு என் கையில் வந்தது போலிருந்தது. இவ்வளவு நேரம் அந்தச் செய்திக்காரியைக் கட்டிக்கொண்டு அழுததே முட்டாள்தனம், பிள்ளைகளுக்கு லேபில் என்ன சொல்லித் தருகிறோம், ஒவ்வொரு பாகமாகப் பிரித்துச் சோதி என்றுதானே. வூஃபர் கம்பியைக் கழற்றிவிட்டேன். ட்வீட்டர் மட்டும். போனில் ஒற்றை ஒலி எழுப்புகிற ஆப் இருக்கிறது, எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டுமோ அத்தனை வைத்துக்கொள்ளலாம். மூவாயிரத்தில் ஆரம்பித்தேன். கீ என்று நன்றாகவே கத்தியது. நாலாயிரம், கத்தியது. ஐயாயிரம், கொஞ்சம் தூரத்துக்குப் போனது போலிருந்தது. ஆறாயிரத்தில் நூல் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்பது போல. ஏழாயிரத்தில் இல்லை. எட்டாயிரத்தில் இல்லவே இல்லை. ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினேன், முழுக்கத் திருகினேன், பச்சை விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டூப்ளிகேட்! பெட்டியில் இருபதாயிரம் வரை பாடும் என்று போட்டிருக்கிறான், இந்த மூதேவி ஆறாயிரத்திலேயே மூச்சை விட்டுவிட்டது. எட்டு ஓம் என்று பொய் எழுதினவன் இருபதாயிரம் என்று பொய் எழுத மாட்டானா? நானும் காலையிலிருந்து பூதக்கண்ணாடி வைத்துப் பேன் பார்ப்பது போலக் கண்டன்சரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சரக்கே போலி. செத்த மாட்டைக் கட்டிவைத்துப் பால் கறந்திருக்கிறேன்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். போனை அணைக்கவும் இல்லை, எட்டாயிரத்திலேயே கிடக்கட்டும், ஒருவேளை கொஞ்சம் சூடேறினால் முனகுமோ என்னவோ, முனகினால் கேட்கலாம். முனகவில்லை. எத்தனை நாளாயிற்று இப்படி உட்கார்ந்து. மனசு லேசானதும் பசித்தது, டப்பாவைத் திறந்து கடலை மிட்டாய் ஒன்றை எடுத்துக் கடித்தேன், நொறுக்கென்று மண்டை முழுக்கக் கேட்டது, ஒரு குறையும் இல்லை, பார், இது கேட்கிறது, எத்தனை துல்லியமாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய அமைதி. லாரி ஒன்று தூரத்தில் போனது, அதுவும் கேட்டது. எதிர் வீட்டு மாரிச்செல்வி ஜன்னலுக்கு வந்து நம் வீட்டைப் பார்த்துவிட்டுப் படாரென்று கதவைச் சாத்தினாள், வெயில் முகத்தில் அடித்திருக்கும். அவர்கள் நாய் கேட் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையை அப்படியும் இப்படியும் திருப்பியது, பிறகு வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடியது. அதற்கென்ன கேடோ. அடுத்த வாரம் தூத்துக்குடிக்குப் போய்க் கடைக்காரனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். நல்ல ட்வீட்டராகப் பார்த்து, கடையிலேயே எட்டாயிரம் வைத்துக் கேட்டு வாங்க வேண்டும். அதைப் போட்டதும் செய்திகள் என்று விழும், முதல் எழுத்தோடு விழும், இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கச் சொல்வேன், தான் போடாமல் சொல்லுங்கள் என்பேன். அகல்யாவுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது, சளி பிடித்தால் யாருக்கும் வார்த்தை தெளிவாகவா வரும்? நாளைக்கு வைவாவில் ஒரு பிள்ளையையாவது ஸ்பீக்கருக்கு எத்தனை ஓம் என்று கேட்க வேண்டும். எட்டு என்று சொல்லட்டும், எட்டு என்று எழுதியிருக்கிறதும்மா, எட்டு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாயா என்று கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டேன். காது குளிர்ந்து கிடந்தது.

திறந்தபோது இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பை கீழே கிடந்தது, கத்தரிக்காய் உருண்டு செருப்புப் பக்கம் போயிருந்தது. வலது உள்ளங்கையால் ஒரு காதைப் பொத்தி, இன்னொரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு, முகமெல்லாம் கோணிப்போய் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து பக்கத்தில் போனேன்.

“என்னங்க, என்னாச்சு?”

“என்னாச்சா? தெரு முக்குலயே கேக்குது! பல்லு கூசுது. அமத்து முதல்ல.”

“எதை?”

“எதையா? அந்தா கத்துதே, அதைத்தான்! எப்படி நீ பக்கத்துலயே உக்காந்திருக்க?”

திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஹால் எனக்கு அமைதியாகவே இருந்தது. எதிர் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பயம் என்பது இத்தனை நாள் எனக்கு ஒரு நினைப்பாக இருந்தது, இப்போது அது இவருடைய கோணின முகமாக எதிரில் நின்றது.

“எனக்குக் கேக்கலைங்க,” என்றேன்.

“என்னது?”

“இந்தச் சத்தம். எனக்குக் கேக்கலை.”

விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். விளையாடவில்லை என்று தெரிந்ததும் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார், வலிக்க வலிக்க அப்படியே நின்றார். நான் போனை எடுத்தேன். கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக இருந்தது. ஓரிடத்தில் அழுத்தினேன்.

“நின்னுட்டுதா?”

இல்லை என்று தலையாட்டினார்.

மறுபடி அழுத்தினேன். “இப்ப?”

“இன்னும் இல்ல.”

போனைப் பார்ப்பதை விட்டேன். இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டை விரலை நகர்த்தி நகர்த்தி அழுத்தினேன். ஒரு தடவை இவர் நெற்றிச் சுருக்கம் விரிந்தது, தோள் இறங்கியது, மூச்சு விட்டார். சத்தம் நின்றுவிட்டது என்று எனக்கு அதிலிருந்துதான் தெரிந்தது.